ஊற்றச் சொன்ன தண்ணீர்

ஒருநாள் ஒரு பை நிறைய குரக்கன் மாவைக் கோழிகளுக்குக் கொட்டினேன். வறுத்து, இடித்து, அரித்து, ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒரு நல்ல மனிதர் வீடு தேடிக் கொண்டுவந்து தந்த மா. "கிட்னிக்கு இத விட மருந்தில்ல" என்று என் கையில் திணித்துவிட்டு, தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போனார். கோழிகள் ஆசையாகத் தின்றன. அவற்றுக்குச் சிறுநீரக நோய் இல்லை.

என்னைக் கோபக்காரன் என்பார்கள். ஓம், கோபக்காரன்தான். என் இடத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லட்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வந்து பல வருடங்கள். அந்த வருடங்கள் முழுவதும் எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: வெள்ளை நஞ்சு. பேக்கரியில் வாங்கும் வெள்ளைப் பாண் நஞ்சு, வெள்ளை மா நஞ்சு, தீட்டிய அரிசி நஞ்சு. குரக்கன் பிட்டுச் சாப்பிடு, சிவப்பரிசி இடியப்பம் சாப்பிடு, தவிட்டோடு சாப்பிடு. சாப்பிட்டேன். தொண்டையில் இறங்காத நாட்களிலும் தண்ணீர் விட்டு இறக்கினேன். பிறகு ஒருநாள் சிறுநீரகங்கள் இரண்டும் தேய்ந்துகொண்டு போகின்றன என்று கண்டுபிடித்து, சீனி கிளினிக்கிலிருந்து அடுத்த கதவுக்கு அனுப்பினார்கள். அங்கே சொன்னார்கள், தவிட்டோடு உள்ள தானியங்களில் பொட்டாசியமும் பொஸ்பரசும் அதிகம், உங்கள் இரத்தத்தில் இரண்டும் ஏற்கனவே கூடிக்கிடக்கின்றன, குரக்கனைக் குறையுங்கள், வெள்ளையே உங்களுக்கு நல்லது என்று. இத்தனை வருடம் வீட்டிலிருந்து விரட்டியடித்த பாணைத் திரும்பக் கூப்பிட்டு மேசையில் வைக்கச் சொன்னார்கள். ஆனால் அளவாக, ஏனென்றால் சீனியும் இருக்கிறதாம்.

கையில் ஒரு தாளும் தந்தார்கள். காலை உணவு என்ற தலைப்பின் கீழே சோளச் செதில் கூடும், ஓட்ஸ், தவிட்டுச் செதில், பால் ஊற்றிய தானியக் கலவை கூடாது என்று ஒரு பட்டியல். எவனோ எங்கேயோ எழுதியதை யாரோ தமிழில் போட்டிருக்கிறார்கள். நான் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். பிட்டு என்ற சொல் அதில் இல்லை. இடியப்பம் இல்லை, அப்பம் இல்லை, ரொட்டி இல்லை, பாற்சோறு இல்லை. ஏன் கூடும், ஏன் கூடாது என்றும் ஒரு வரி இல்லை. நாவற்குடாவில் ஒரு மனிதன் விடிந்ததும் என்ன தின்கிறான் என்று அதை அச்சடித்தவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மினக்கெடவில்லை. நான்தான் பிறகு ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒவ்வொன்றாகக் கேட்டு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிச் சேர்த்தேன். வெள்ளை அரிசிமா இடியப்பம், ஆம். தேங்காய்ப்பால் சொதி, இல்லை. பருப்பு, எப்போதாவது ஒரு கரண்டி. தேங்காய்ப்பூ, நுள்ளி. உப்பு, அதையும் நுள்ளி. இலைக்கஞ்சி, வேண்டவே வேண்டாம். இது என்னுடைய இரத்தத்துக்கு எழுதிய பட்டியல், இன்னொருவரின் இரத்தத்துக்கு வேறு பட்டியல் வரும் என்றும் சொன்னார்கள். அதை ஊருக்கு யார் சொல்வது? ஊருக்குக் கிட்னி என்றால் ஒன்று, மருந்து என்றால் குரக்கன்.

எனக்கு என்ன சாப்பிடலாம் என்று முதலில் கேட்டுவிட்டுக் கொண்டுவந்த ஒரே ஆள், களுவாஞ்சிக்குடியில் நான் வேலை செய்யும் கந்தோரில் பக்கத்து மேசையில் இருக்கும் ஏறாவூர்க்காரர். "தம்பி, உங்கட கொப்பியில என்ன எழுதிரிக்கி? அதச் சொல்லுங்க, ஊட்ட அதச் செய்யச் சொல்றன்" என்றார். அவரைத் தவிர மற்ற எல்லோருமே எனக்கு வைத்தியர்கள்.

வைத்தியர்களிலேயே பெரிய வைத்தியர் என் வீட்டுக் குசினியில் இருந்தார்.

என் வீடு என்று சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. கலியாணம் கட்டிய அன்றே நான் ஒரு சூட்கேசோடு மனைவியின் வீட்டுக்கு வந்தவன். மாமனார் நேரத்தோடு போய்விட்டார். மாமி எங்களோடு இருக்கிறார். மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பள்ளி, ஆறரைக்கே வெளிக்கிட வேண்டும். ஆகவே அடுப்பு என்றும் மாமியின் கையில்.

மாமி பழைய ஆள். மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவது மரியாதையில்லை என்று வளர்ந்தவர். நான் கூடத்துக்கு வந்தால் அவர் குசினிக்குள் போவார். நான் குசினிப் பக்கம் போவதே இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் இல்லாவிட்டால் கதவு நிலையிடம் சொல்வார். "இடியப்பம் ஆறுதாம்" என்று குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது என்று ஒன்றும் இருக்காது. நானும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு "போதுமாம்" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் அது ஒரு காலத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. முப்பது வருடத்தில் மாமியும் நானும் நேருக்கு நேர் பேசிய ஒரு வசனம் கிடையாது. சண்டையும் கிடையாது. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நோய் வந்த பிறகு என் சாப்பாட்டு ஒழுங்குகள் முழுவதும் இந்த வழியால்தான் குசினிக்குப் போயின. நான் மனைவிக்குச் சொல்வேன். மனைவி சேலைக்கு ஊசி குத்திக்கொண்டே தாய்க்குச் சொல்வாள். "அம்மா, அவருக்கு இனி வெள்ளை மா. பால் விடாதிங்க. மரக்கறிய சின்னனா வெட்டி ஊறப்போட்டு, நிறையத் தண்ணியில அவிச்சு, அந்தத் தண்ணிய ஊத்திருங்க. மறுகாதான் கறி." மத்தியானத்துக்கு நான் கந்தோருக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறவன். பூசணியோ உருளைக்கிழங்கோ வாழைக்காயோ, எதுவானாலும் அவித்து வடித்த பிறகுதான் சமையல். அப்படி அவித்தால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். மாமி "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் போதுமாக இருந்தது.

நானும் ஒழுங்காக இருந்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொன்னதை அப்போது ஒருவரும் நம்பவில்லை. வாழைப்பழம் தொடவில்லை. இளநீர் தொடவில்லை, அதுவும் சித்திரை வெயிலில், தெருவோரம் முழுக்கக் குலை குலையாக வைத்து விற்கும்போது. கலியாண வீடுகளுக்குப் போய் வெறும் சோற்றைக் கிளறிவிட்டு எழுந்து வந்தேன். காலையில் மூன்று இடியப்பம், வெங்காயம் போட்டு வதக்கிய ஒரு கறி, முட்டையின் வெள்ளைக்கரு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கையெல்லாம் எலும்பு தெரிய மெலிந்தேன்.

ஆனால் பொட்டாசியம் ஏறியது. ஒரு கிளினிக்கில் கொஞ்சம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம். மூன்றாவது தரம் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வைத்தியர் பேனையை வைத்துவிட்டார். உடனே நெஞ்சில் வயர்களை ஒட்டி இருதயத்தைப் பார்த்தார்கள். கரைத்துக் குடிக்கும் ஒரு தூளைத் தந்தார்கள், வாயெல்லாம் மணல் மாதிரி. அன்று பின்னேரம் வரை கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. என் மகனாக இருக்கக்கூடிய வயது அந்த வைத்தியருக்கு.

"ஐயா, இது இன்னும் ஏறினா ஹார்ட் நிண்டிரும். விளங்குதா? என்ன சாப்பிடுறீங்க?"

சொன்னேன்.

"இளநி?"

"இல்லை."

"பழங்கள்?"

"இல்லை எண்டு சொல்றன்."

அவர் தாதியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "எல்லாரும் இல்லை எண்டுதான் சொல்லுவாங்க ஐயா. இரத்தம் பொய் சொல்லாது."

அறுபதை எட்டிப் பிடிக்கும் ஒரு மனிதனை, நெஞ்சில் வயர்களோடு படுத்துக் கிடக்கும்போது, பொய்யன் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என்னால் எழுந்து நின்று கத்தவும் முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், அவரும் ஒளித்துத் தின்கிறவராக்கும். அந்தக் கண்ணடிப்பு வைத்தியரின் சிரிப்பை விட மோசமாகச் சுட்டது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் மனைவி என் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கல்லடிப் பாலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள், "கந்தோர்ல ஏதும் சாப்பிடுறிங்களா? எனக்கெண்டாலும் உண்மையச் சொல்லுங்க."

முப்பது வருடம் ஒரே பாயில் படுத்தவள் கேட்கிறாள். அன்றிரவு நான் கோபத்தில் பாயை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் விரித்தேன். பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடினால் இருதயம் நின்றுவிடும் என்று விழித்துக் கிடந்தேன். எனக்குத் தெரியாமல் என் உடம்புக்குள் ஏதோ போகிறது. என் வாயால் போகாமல் எதால் போகும்? என் வாய்க்கு வருவது ஒரே ஒரு இடத்திலிருந்து.

விடிந்ததும் வழமையாக நான் கிணற்றடிக்குப் போவேன். அன்று போகவில்லை. துவாயைக் கொடியில் போட்டுவிட்டு நேரே குசினிக்குள் நுழைந்தேன். உப்பைத்தான் பிடிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். மாமி கள்ளமாக உப்பையோ தேங்காய்ப்பாலையோ போடுகிறார் என்பது என் கணக்கு.

மாமி பலகையில் இருந்தார். முன்னால் வறுத்த அரிசிமா ஒரு சட்டியில், நடுவில் குழி பறித்து. அடுப்பில் என் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூசணியும் உருளைக்கிழங்கும் கொதித்து முடிந்திருந்தன. இடியப்பத்துக்கு மா குழைக்கக் கொதிநீர் வேண்டும். மாமி அடுப்பிலிருந்த சட்டியை இரண்டு பிடிதுணியால் தூக்கி, மூடியைக் கொஞ்சம் விலக்கி, அவித்த தண்ணீர் முழுவதையும் அந்த மாவின் குழிக்குள் வடித்தார். ஒரு துளி நிலத்தில் சிந்தவில்லை. அகப்பைக் காம்பால் கிண்டினார். ஆவி எழுந்தது. எந்தத் தண்ணீரை ஊற்றச் சொல்லி நான் சொல்லியனுப்பினேனோ, அதே தண்ணீர் எனக்கு ஒவ்வொரு நாளும் இடியப்பமாகப் பிழியப்பட்டு வந்திருக்கிறது. மத்தியானச் சோற்றில் கழித்ததைக் காலையிலேயே தின்றுவிட்டு, மாசக்கணக்காக, அதே நாக்கால் "போதுமாம்" என்றும் சொல்லியிருக்கிறேன்.

என் தொண்டையிலிருந்து வந்தது எனக்கே என் குரலாகத் தெரியவில்லை.

"மாமி! எனக்கு நஞ்சா வைக்கிறீங்க?"

மாமி பதறி எழுந்தார். பழக்கத்தில் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். மனைவி பாதி கட்டிய சேலையோடு ஓடி வந்தாள். நான் நிறுத்தவில்லை. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். என்னைக் கொல்லப் பார்க்கிறீங்கள் என்றேன். ஆஸ்பத்திரியில் பொய்யன் பட்டம் வாங்கித் தந்தீங்கள் என்றேன். கிழவி என்றும் சொன்னேன். அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மாமி சுவரை விட்டுத் திரும்பினார். முப்பது வருடத்தில் முதல் தரம் என் முகத்தைப் பார்த்தார்.

"ஊத்தச் சொன்ன. ஏன் ஊத்துற எண்டு எனக்கு ஆரு சொன்ன?" என்றார். "சத்தெல்லாம் தண்ணியோட போகுது. நாளுக்கு நாள் மனிசன் எலும்பாப் போறார். பாத்துக்கொண்டு நான் அதக் கானுக்குள்ள ஊத்துறதா?"

மனைவி என் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் கோபம் வரும் என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். "முகாமில கஞ்சிய எங்களுக்குத் தந்துட்டு, சட்டி கழுவின தண்ணியக் குடிச்சவ அவ. அவவுக்கு ஊத்த மனம் வருமா? நீங்களாவது ஒருநாள் கூப்பிட்டு விளங்கப்படுத்தினீங்களா?"

"நீ சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"எனக்கு பஸ் ஆறரைக்கு" என்றாள்.

அந்த இடத்தில் என் கோபம் தணிந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். தணியவில்லை. யுத்தகாலத்து அகதி முகாம் கதை எனக்கும் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. அந்தத் தாளை அச்சடித்தவர்கள் மீது எனக்கு எவ்வளவு கோபம், ஏன் என்று சொல்லாமல் செய் என்று மட்டும் சொல்கிறார்கள் என்று. அதையேதான் நானும் மாமிக்குச் செய்திருந்தேன். மனைவி அதைச் சொன்னபோது அது நியாயம் என்று விளங்கியது. நியாயம் என்பதாலேயே கோபம் இன்னும் கூடியது. சட்டியிலிருந்த மாவை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் கொட்டினேன்.

அன்று பின்னேரம் குசினிப் படியில் இருந்துகொண்டு சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன், ஆனால் நேராகச் சொன்னேன். இரத்தத்தை வடிப்பது சிறுநீரகம், அரிதட்டுப் போல. என்னுடைய அரிதட்டில் கண்கள் அடைபட்டுப் போயின. மற்றவர்களுக்குச் சத்தாக இருப்பது எனக்குள் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. தங்கினால் இருதயத்தைப் பிடிக்கும். மாமி கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். இடையில் ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப அந்த வெங்காயக் கறி?" அது சரி என்றேன். "மா வறுக்கிறது?" அதுவும் சரி என்றேன். படியாத ஒரு மனுசி அரை மணித்தியாலத்தில் விளங்கிக்கொண்டார். அரை மணித்தியாலம். எனக்கு அந்த அரை மணித்தியாலம் மாசக்கணக்காகக் கிடைக்கவில்லையாம்.

மறுநாளிலிருந்து கேத்தலில் தனியாகத் தண்ணீர் கொதித்தது. அவித்த தண்ணீரை மாமி வேலியோரம் கொண்டுபோய், ஊற்றுகிறேன் என்று எனக்குத் தெரியும்படி சத்தம் வைத்து ஊற்றினார். நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். நன்றி சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இரண்டும் நாளைக்கு நாளைக்கு என்று கிடந்தன.

அடுத்த கிளினிக்கில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. நன்றாகவே இறங்கியிருந்தது. வைத்தியர் "பாத்தீங்களா ஐயா, மனம் வச்சா முடியும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய மேசையைத் தூக்கியிருப்பேன். ஆனால் அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார். மற்ற எண், சிறுநீரகம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் எண், இன்னும் மோசமாகியிருந்தது. இரத்தம் சுத்திகரிக்க வேண்டிவரும், அதற்குக் கையில் நரம்பை இணைத்து ஆயத்தம் செய்வோம், இந்த வருடத்துக்குள் என்றார்.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். மாசக்கணக்காக அந்தத் தண்ணீரைச் சாப்பிட்டதாலா இது என்று கேட்டேன். ஆம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். என் சிறுநீரகத்துக்குப் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"இல்ல ஐயா" என்றார். "அது ஹார்ட்டுக்குத்தான் ஆபத்து. இது உங்கட சீனி செய்த வேலை. அந்தத் தண்ணி இல்லாட்டியும் இது இப்பிடித்தான் போயிருக்கும்."

வீட்டுக்கு வந்தபோது மாமி வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. மனைவி முன்னுக்குப் போய் இரண்டு வசனத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கை, நரம்பு, சுத்திகரிப்பு. மாமி அவளைக் கேட்கவில்லை. கதவு நிலையிடமும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மருமகன், என்னாலயா?"

பதில் என்னிடம் இருந்தது. வைத்தியரின் வாயால் கேட்டு, சுடச்சுடக் கொண்டுவந்த பதில். ஒரு சொல். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தேன். மருந்துப் பையை ஆணியில் கொழுவினேன். அவர் காத்து நிற்கிறார் என்று தெரிந்துதான் ஒவ்வொன்றையும் செய்தேன். அதற்குப் பிறகு, "இல்லை மாமி, அதால இல்லையாம்" என்றேன்.

மாமி தலையாட்டினார். நான் செருப்புக் கழற்றிய நேரத்துக்குள்ளேயே அவர் தன் பதிலை எடுத்துக்கொண்டுவிட்டார். அதன் பிறகு எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், வைத்தியர் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டேன். கேட்கிறார், "ஓம் மகன்" என்கிறார். ஆனால் எனக்கு மா குழைப்பதில்லை. மனைவி நாலு மணிக்கு எழுந்து குழைத்துப் பிழிந்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள்.